நான்கு டிரம் தண்ணீர்

"தண்ணி வரல."

டுவேன் ரெக்கர் கடைசியாகப் பேசியது அவ்வளவுதான். ஆம்புலன்ஸில் மனைவியின் விரல்களைப் பிடித்துக்கொண்டு இரண்டு தடவை சொன்னார். அதற்குப் பிறகு பதினேழு நாளாக, பெருநகர ஆஸ்பத்திரியின் தீக்காய வார்டில், மூச்சு விடும் வேலையைக்கூட ஒரு மெஷினிடம் கொடுத்துவிட்டுக் கண்மூடிக் கிடந்தார்.

"தீயணைப்பு ரிப்போர்ட் என்ன சொல்லுது?" என்றாள் டெல்லா, ஸ்டியரிங்கிலிருந்து கண்ணை எடுக்காமல். சாலையின் இருபுறமும் அறுத்துப்போட்ட சோளக்காடு பனிக்கு அடியில் தட்டையாகக் கிடந்தது.

பக்கத்து இருக்கையில் ஆர்லோ ஸ்க்ராபா மடியில் காகிதக் கட்டையும் கையில் பன்றி டெண்டர்லாய்ன் சாண்ட்விச்சையும் வைத்துக்கொண்டு திண்டாடினான். இறைச்சி பன்னை விட இரண்டு மடங்கு பெரிது.

"கூரையில இருந்த தெளிப்பான் எல்லாம் ஒழுங்கா வேலை செஞ்சிருக்கு பாஸ். தண்ணி அமோகமா வந்திருக்கு. 'காயம்பட்டவர் குழப்பத்தில் பேசியிருக்கலாம்'னு முடிச்சுட்டாங்க. பக்கத்துல எரிஞ்சுபோன ரப்பர் ஹோஸ் ஒண்ணு கெடந்துச்சாம். அதை வெச்சு அணைக்கப் பார்த்திருப்பார்னு ஒரு வரி."

"ஆலையோட ரிப்போர்ட்?"

"தொறக்கக் கூடாத வால்வை ஆபரேட்டர் தொறந்தார். மெத்தனால் ஆவி வெளிய வந்துச்சு. பக்கத்து மோட்டார்ல ஒரு பொறி. டமார். தப்பு முழுக்க ஆபரேட்டர் டுவேன் பேர்ல. கையெழுத்து, டாக்டர் பெர்னார்ட் ஹௌகன், தலைமை வேதியியலாளர்."

"நீ என்ன சொல்ற?"

"சாண்ட்விச்சுல கடுகு பத்தலன்னு சொல்றேன்."

டெல்லா வாண்டர்வீன் சிரிக்கவில்லை. ஐம்பத்தெட்டு வயது, ஒரு பக்கம் தேய்ந்த இடுப்பு, தீவிபத்து இன்சூரன்ஸ் கம்பெனியில் இருபத்தாறு வருடம் சாம்பலைக் கிளறிய அனுபவம். அந்த வேலையை விட்டு இந்தத் துப்பறியும் ஆபீஸைத் திறந்தபோது, துணைக்கு அவள் பிடித்தது ஆர்லோவை. ஓட்டல்களில் மீந்த பொரித்த எண்ணெயை டாங்கர் லாரியில் அள்ளிக்கொண்டு அயோவா மாநிலம் முழுக்கச் சுற்றியவன். பத்தொன்பது வருடம். குளித்தாலும் போகாத ஒரு வாசனை அவனிடம் இன்னும் இருப்பதாக டெல்லா சொல்வாள். அது தன் கவர்ச்சி என்று அவன் சொல்வான்.

செவ்வாய்க்கிழமை ஆபீஸுக்கு வந்த டுவேனின் மனைவி ஜோலீன் ரெக்கர் உட்காரக்கூட இல்லை. கோட்டின் பட்டனைக் கழற்றாமல் நின்றபடியே பேசினாள்.

"முப்பது வருஷமா ஆலை ஆலையா வேலை பார்த்த மனுஷன், மேடம். ராத்திரி படுக்கப் போறதுக்கு முன்னாடி கேஸ் அடுப்ப ரெண்டு தடவை தொட்டுப் பார்ப்பாரு. வால்வைத் தெரியாமத் தொறந்துட்டாருன்னு எழுதியிருக்காங்க. அவரு பொழைக்க மாட்டாருன்னு டாக்டர் சொல்லிட்டார். அதுக்கு முன்னாடி யாராவது ஒருத்தர் உண்மையச் சொல்லணும். அவ்வளவுதான் கேக்கறேன்."

கார் ஹார்மென் ஊர் எல்லையைத் தாண்டியது. தானியக் கிடங்கு, இரண்டு சர்ச், மூடிப்போன பன்றி இறைச்சி ஆலை, மூடிப்போன வாஷிங்மெஷின் ஆலை. ஊர்க் கடைசியில், புகைபோக்கியில் இன்னும் ஆவி விட்டுக்கொண்டு, எஸ்டர் ஆலை.

"குழப்பத்துல இருக்கறவன் ஒரே வாக்கியத்த ரெண்டு தடவை தெளிவாச் சொல்ல மாட்டான்" என்றாள் டெல்லா. "தண்ணி வரலன்னா வரலதான். எந்தத் தண்ணின்னு யாரும் கேக்கல."

*

டாக்டர் ஹௌகன் உயரமாக, நகம்கூட இஸ்திரி போட்டதுபோல இருந்தார். தீப்பிடித்த சோதனைக் கூடத்துக்கு அவரே அழைத்துப்போனார். தகரச் சுவர்கள் கறுத்திருந்தன. நடுவில் இரண்டு ஆள் உயரத்துக்கு ஒரு எஃகு உலை. அதன் தலையிலிருந்து கிளம்பிய குழாய் வளைந்து இறங்கி, கீழே ஒரு கண்ணாடிக் குடுவையில் முடிந்திருந்தது. குடுவையின் மேல்பாதி வெடித்துப் போயிருந்தது.

"சுருக்கமாச் சொல்லுங்க டாக்டர். எனக்குப் பள்ளிக்கூடத்துலயே கெமிஸ்ட்ரி வரல" என்றாள் டெல்லா.

ஹௌகன் பையிலிருந்து ஒரு சிறு சீசாவை எடுத்தார். உள்ளே கேழ்வரகு அளவுக்குப் பழுப்பு நிறக் குருணை.

"கழிவுக் கொழுப்புல நெறைய கொழுப்பு அமிலம் இருக்கு. அப்படியே விட்டா அதுக்கு மதிப்பு இல்ல. மெத்தனாலோட சேர்த்து வெச்சா எஸ்டரா மாறும். டிராக்டருக்கு டீசல், பெயின்ட், சோப்பு, எதுக்கு வேணும்னாலும் போகும். ஆனா தானா மாற மாசக்கணக்கு ஆகும். இந்தக் குருணை நடுவுல நின்னு மாத்தி வெக்கும். தான் கரையாது, தீராது. எத்தனை டிகிரி சூடு, எவ்வளவு மெத்தனால், எத்தனை நிமிஷம்னு இருநூத்திப் பன்னெண்டு சோதனை பண்ணினேன். எட்டு வருஷம். இப்போ ஒரு மணி நேரத்துல நூத்துக்குத் தொண்ணூத்தெட்டு மாறுது. உலகத்துல வேற யார்கிட்டயும் இந்தக் கணக்கு இல்ல."

"எல்லாமே எஸ்டரா மாறிடுமா? மிச்சம் எதுவும் வராதா?"

"தண்ணி வரும்."

டெல்லாவின் புருவம் லேசாக ஏறியது.

"அமிலமும் ஆல்கஹாலும் சேரும்போது தண்ணி பொறக்கும்" என்றார் ஹௌகன், ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குச் சொல்வதுபோல. "அதை உள்ளயே விட்டா எஸ்டர் மறுபடி அமிலமாத் திரும்பிடும். அதனால ஆவியா இழுத்துக் குளிரவெச்சு இந்தக் குடுவையில பிடிக்கிறோம்."

"கல்யாணத்துல பொண்ணோட அம்மா அழற மாதிரி" என்றான் ஆர்லோ. "ரெண்டு பேரு சேர்ந்தா கண்டிப்பா கொஞ்சம் தண்ணி வந்தே ஆகணும்."

ஹௌகன் அவனை ஒரு கறையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

டெல்லா குனிந்து உடைந்த குடுவையைப் பார்த்தாள். "அப்போ இந்தக் கண்ணாடியில தண்ணி விழலன்னா, எஸ்டர் உருவாகல. சரியா?"

"சரி."

"டுவேன் ரெக்கர் தெளிப்பானப் பத்திப் பேசல டாக்டர். இதைப் பத்திப் பேசியிருக்கார். அன்னிக்கு இதுல தண்ணி வரல. உங்க தொண்ணூத்தெட்டு, பொய்."

ஆர்லோ மனசுக்குள் விசிலடித்தான். இந்த ஒரு வினாடிக்காகத்தான் அவன் லாரியை விற்றான்.

ஆனால் ஹௌகன் கோபப்படவில்லை. சிரித்தார். அதுதான் ஆர்லோவுக்குப் பிடிக்கவில்லை.

"அது அஞ்சாவது ஓட்டம். அதுக்கு முன்னாடி இதே உலையில, இதே குருணையில நாலு தடவை ஓட்டியிருக்கோம். நாலு தடவையும் தண்ணி வந்திருக்கு. ஒவ்வொரு தடவை வந்ததையும் ஒரு டிரம்ல பிடிச்சு, எடை போட்டு, லேபிள் ஒட்டிப் பின்பக்கம் வெச்சிருக்கோம். லேபிள்ல இருக்கற கையெழுத்து என்னோடது இல்ல மேடம். உங்க டுவேனோடது. வாங்க, காட்டறேன்."

*

பின்பக்கம் நான்கு நீல பிளாஸ்டிக் டிரம்கள் சுவரோரம் வரிசையாக நின்றன, இடுப்பளவு உயரம். தலையில் ஒரு சாண் பனி. ஹௌகன் கையுறையால் லேபிள்களைத் துடைத்தார். கறுப்பு மார்க்கரில், பெரிய பெரிய எழுத்தில்: ஓட்டம் ஒன்று, 119 பவுண்டு. இரண்டு, 120. மூன்று, 120. நான்கு, 120. ஒவ்வொன்றின் கீழும் டு.ரெ.

"கணக்குப்படி வரவேண்டியது நூத்தி இருபது" என்றார். "வேற சந்தேகம்?"

டெல்லா கைத்தடியை மாற்றிப் பிடித்துக்கொண்டாள். இடுப்பு வலிக்கும்போது அப்படிச் செய்வாள். வழி அடைபட்டபோதும் செய்வாள். எது என்று ஆர்லோவுக்குத் தெரிந்தது.

மூன்று வாரமாக மைனஸை விட்டு ஏறாத குளிர். ஆர்லோவின் மூக்கு உணர்ச்சியற்றுப் போயிருந்தது. போகலாம் என்று சொல்வதற்குப் பதிலாக, பூட்ஸ் நுனியால் கடைசி டிரம்மை ஒரு எத்து எத்தினான்.

"அம்மாடி!" காலைப் பிடித்துக்கொண்டு குதித்தான். "கல்லுய்யா! கல்லா ஒறைஞ்சு கெடக்கு!"

"தண்ணி, குளிர், ஐஸ்" என்றார் ஹௌகன். "இதுவும் உங்களுக்கு வேதியியலாத் தெரியுதா?"

"டாக்டர், ஒரு நிமிஷம்." நொண்டிக்கொண்டே ஆர்லோ முதல் டிரம்முக்குப் போனான். இரண்டு கையாலும் பிடித்து ஆட்டினான். உள்ளே தளக் தளக்கென்று சத்தம்.

டெல்லா கைத்தடியை ஊன்றிக் கிட்டே வந்தாள்.

இரண்டாவதை ஆட்டினான். அரைத்த ஐஸ் உரசுவதுபோல கரகரவென்று நகர்ந்தது. மூன்றாவது அசையவில்லை. அதன் வயிறு உப்பி, மூடி ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. நான்காவதும் அப்படியே.

"நான் கெமிஸ்ட் இல்ல" என்றான் ஆர்லோ. "ஆனா பத்தொன்பது வருஷம் இந்த ஊர்க் குளிர்ல லாரி ஓட்டியிருக்கேன். லாரியோட முன்கண்ணாடி கழுவுற நீலத் தண்ணி ஒறையுமா? ஒறையாது. ஏன்? அதுல மெத்தனால் கலந்திருக்கு. உங்க உலையில இருந்து வர்ற தண்ணி எப்படி வரும் டாக்டர்? தனியாவா வரும்?"

ஹௌகன் முதல் டிரம்மின் மேல் கை வைத்தார். "மெத்தனாலோட. மூணுல ஒரு பங்காவது இருக்கும்."

"அப்போ முதல் டிரம் உலைத் தண்ணி. ரெண்டாவது பாதிக்குப் பாதி. மூணாவதும் நாலாவதும்..." ஆர்லோ சுவரில் இருந்த வெளிக்குழாயைப் பார்த்தான். "முனிசிபாலிட்டித் தண்ணி."

"இத யாரும் பரிசோதிக்கலையா?" என்றாள் டெல்லா.

"கழிவுத் தண்ணி மேடம். எடை மட்டும்தான் பார்ப்போம்." ஹௌகன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். "ஆனா எஸ்டர் சாம்பிள என் கையால பரிசோதிச்சேன். நாலு தடவையும் தொண்ணூத்தெட்டு. அதுல ஏமாத்த முடியாது."

"நீங்க ஏமாத்தினதா நான் நெனைச்சேன்" என்றாள் டெல்லா. "இப்ப உங்க மூஞ்சியப் பார்த்தா அப்படித் தெரியல. சாம்பிள உலையில இருந்து பாட்டில்ல பிடிச்சுக் கொண்டுவர்றது யாரு?"

அவர் டிரம்கள் பக்கம் திரும்பினார். பதில், நான்கு லேபிளிலும் எழுதியிருந்தது.

*

கறுத்த கூடத்துக்குத் திரும்பியபோது டெல்லாவின் நடை தளர்ந்திருந்தது. ஆர்லோவுக்கு இந்த நடை பிடிக்காது. அவள் தேடுவது கிடைத்துவிடும் என்று தெரிந்து, கிடைக்காமல் போகட்டும் என்று நினைக்கும்போது இப்படி நடப்பாள்.

"கொழுப்பு எங்க இருந்து வருது டாக்டர்?"

"ஓட்டல் எண்ணெய். லாரியில வரும்."

"உங்க இருநூத்திப் பன்னெண்டு சோதனையும் அந்த எண்ணெயிலயா பண்ணீங்க?"

"இல்ல. சுத்தமான கொழுப்பு அமிலம். பாட்டில்ல வாங்கினது." சொல்லும்போதே அவர் குரல் இறங்கியது. "எண்ணெயக் கழுவித்தான் அனுப்புறாங்கன்னு..."

"கழுவறதா?" என்றான் ஆர்லோ. "டாக்டர், அந்த லாரிய நான் ஓட்டியிருக்கேன். மீன் முள்ளு, உருளைக்கிழங்கு, ஒரு தடவை ஒரு பல் செட்டு. அதெல்லாம் வடிகட்டிடலாம். உப்ப எப்படி வடிகட்டுவீங்க? மாநிலம் முழுக்கப் பொரிச்ச பிரெஞ்சு ஃப்ரைஸோட உப்பு அதுலதான் கெடக்கு."

"உப்பு" என்றார் ஹௌகன். கையிலிருந்த சீசாவைப் பார்த்தார். "குருணைக்குச் சக்தி குடுக்கற அமிலத்த உப்பு கொஞ்சம் கொஞ்சமா எடுத்துக்கும். முதல் ஓட்டத்துல தெரியாது. ரெண்டாவதுல பாதி போயிருக்கும். மூணாவதுல..." நிறுத்தினார். "வெறும் மணல்."

டெல்லா மெல்ல மண்டியிட்டாள். அது அவளுக்குச் சுலபமில்லை. உடைந்த குடுவையின் அடியில், தண்ணீரை வடிக்கும் சின்னக் குழாய் ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. அதைச் சுற்றி ஒரு இரும்பு வளையம். கறுத்திருந்தாலும் உருக்குலையவில்லை.

"ஆர்லோ. இது என்ன?"

அவனும் குனிந்தான். "ஹோஸ் கிளாம்ப். தோட்டத்து ஹோஸ மாட்டி ஸ்க்ரூ வெச்சு முறுக்குறது. எந்தக் கடையிலயும் கிடைக்கும்."

"ஆலைல போட்டதா டாக்டர்?"

"இல்ல. இங்க ஒண்ணும் மாட்ட மாட்டோம். கீழ வாளி வெச்சுப் பிடிப்போம்."

"தீய அணைக்க ஓடுறவன் ஹோஸுக்கு கிளாம்ப் போட்டு, ஸ்க்ரூடிரைவர் தேடி எடுத்து, நிதானமா முறுக்குவானா?"

"மாட்டான்" என்றான் ஆர்லோ. "அதுவும் தண்ணி வெளிய பீச்ச வேண்டிய முனைய, குடுவையோட அடிக் குழாய்ல சொருகி."

டெல்லா எழுந்திருக்கக் கை நீட்டினாள். ஹௌகன்தான் பிடித்துத் தூக்கினார்.

"அன்னிக்கு யாரு வந்திருந்தாங்க டாக்டர்?"

"மினியாபொலிஸ்ல இருந்து கம்பெனிக்காரங்க. ஆலைய வாங்கப் போறவங்க. மேல லஞ்ச் சாப்பிட்டுக்கிட்டு இருந்தோம். ரெண்டு மணிக்குக் கீழ வந்து... கண்ணாடியில தண்ணி விழறத நேர்ல பார்க்கறதா ஏற்பாடு. நான்தான் ஏற்பாடு பண்ணினேன். அதைப் பார்த்தா யாரும் நம்பிடுவாங்கன்னு."

"தீப்பிடிச்சது?"

"ஒண்ணு நாப்பது."

யாரும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஆனால் டெல்லா சொன்னாள். வாய்விட்டுச் சொன்னால்தான் தப்பு இருந்தால் தெரியும் என்பாள்.

"முதல் ஓட்டம் நெசமாவே நல்லா வந்திருக்கு. ரெண்டாவதுல தண்ணி பாதியாக் கொறஞ்சதும் டுவேனுக்குப் புரிஞ்சிருக்கு. குருணை செத்துக்கிட்டு இருக்கு. சொல்லியிருக்கலாம். சொல்லல. டிரம்ல பாக்கிய வெளிக்குழாய்ல நிரப்பினார். சாம்பிள் பாட்டில்ல பக்கத்து டாங்க்ல இருந்த பழைய எஸ்டர ஊத்திக் குடுத்தார். மூணாவது, நாலாவது, அதேபடி. அஞ்சாவது ஓட்டத்தன்னிக்கு ஆளுங்க கண்ணாடியப் பார்க்க வர்றாங்க. கண்ணாடி காஞ்சு கெடக்கு. வாளியில நிரப்பிக் காட்ட முடியாது. குடுவைக்குள்ளயே வந்தாகணும். அதனால ஹோஸ மாட்டி, உலை சூடா இருக்கும்போது தொறக்கக் கூடாத அடி வால்வைத் தொறந்தார். குழாய்த் தண்ணி மேல ஏறும்னு நெனைச்சார். உள்ள இருந்த சூடான ஆவி அதுக்கு முன்னாடி வெளிய வந்துடுச்சு."

"எனக்காகவா?" என்றார் ஹௌகன். சின்னப் பையன் கேட்பதுபோல இருந்தது. "அவருக்கு என்னைப் பிடிக்கவே பிடிக்காது."

"உங்களுக்காக இல்ல டாக்டர். வர்ற வழியில ரெண்டு ஆலை மூடிக்கெடக்குது, பார்த்திருப்பீங்க. ரெண்டுலயும் டுவேன் வேலை பார்த்திருக்கார். இந்த விற்பனை நடக்கலன்னா இது மூணாவது."

ஹௌகன் கவிழ்த்துப்போட்ட ஒரு வாளிமேல் உட்கார்ந்தார். சட்டையில் கரி ஒட்டியது. கவனிக்கவில்லை.

"ஆலையோட பெரிய உலை திங்கக்கிழமை ஆரம்பிக்குது" என்றார். "இதே குருணை. ரெண்டு டன் உள்ள போட்டாச்சு."

"என்ன ஆகும்?"

"திங்கள் நல்லா ஓடும். செவ்வாய் கொறையும். புதன்கிழமை கண்ணாடி காஞ்சிடும். காஞ்சா, அங்க நிக்கிறவன் குழாய்ல அடைப்புன்னு நெனைப்பான். அடைப்ப எடுக்க வால்வைத் தொறப்பான். யாரா இருந்தாலும் தொறப்பான்."

"அப்போ இப்பவே மேல போய் நிறுத்தச் சொல்லுங்க."

அவர் பார்வை சீசாவிலேயே இருந்தது. ஆர்லோ நூறு ஜோக் யோசித்தான், ஒன்றும் சரியாக வரவில்லை.

"எனக்குக் கொஞ்சம் டைம் வேணும்" என்றார் ஹௌகன். "மறுபடி ஒரு சோதனை பண்ணிப் பார்க்கணும். இருநூத்திப் பன்னெண்டும் தப்பா இருக்காது. அடுத்த வாரக் கடைசிக்குள்ள..."

டெல்லா கைத்தடியை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தாள்.

*

ஆஸ்பத்திரிக்கு இரண்டரை மணி நேரம். பாதி தூரத்தில் ஆர்லோ மடியிலிருந்த காகிதக் கட்டை மூடி வைத்தான்.

"பாஸ், ஒரு வழி இருக்கு" என்றான். "குருணை கெட்டது நெசம். தண்ணி வரலங்கறதும் நெசம். அவர் அடைப்புன்னு நெனைச்சுத் தொறந்தார்னு சொல்லிடலாம். கிளாம்ப்ப நாம பார்க்கலன்னு வெச்சுக்குவோம். தப்பு ஹௌகன் மேல போகும், அந்தம்மா நிம்மதியா இருப்பாங்க. யாருக்கு நஷ்டம்?"

"டிரம் நாலும் அங்கயே நிக்குதே. அதுல அவர் பேரு இருக்கு."

"மார்ச்ல உருகிடும்."

"அதுவரைக்கும்?"

அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அந்த உப்பு எண்ணெய் இரண்டு வருடத்துக்கு முன்பு வரை தன் லாரியில்தான் போயிருக்கும் என்ற நினைப்பு, வேண்டாம் வேண்டாம் என்றாலும் வந்து வந்து உட்கார்ந்தது.

ஜோலீன் வார்டுக்கு வெளியே இருந்த காத்திருப்பு அறையில் தனியாக இருந்தாள். கம்பளி பின்னிக்கொண்டிருந்தாள். என்ன பின்னுகிறாள் என்று அவளுக்கே தெரியாது போலிருந்தது, அது நீண்டுகொண்டே போய்த் தரையில் சுருண்டிருந்தது.

டெல்லா எதிரே உட்கார்ந்து, எதையும் குறைக்காமல் சொன்னாள். குருணை, டிரம்கள், பாட்டில், கிளாம்ப். ஆர்லோ சுவரோரம் நின்றான். ஜோலீன் கத்துவாள், வெளியே போகச் சொல்வாள் என்று எதிர்பார்த்தான். அவள் பின்னுவதை மட்டும் நிறுத்தினாள்.

"நவம்பர்ல" என்றாள். "ரெண்டாவது ஓட்டம் நவம்பர்லயா?"

"பதினாலாம் தேதி."

"அன்னிக்கு ராத்திரி சாப்பாட்டு மேசையில கேட்டாரு. 'இந்த ஆலையும் போச்சுன்னா என்ன பண்ணுவோம் ஜோ?' சும்மா கேக்கறாருன்னு நெனைச்சேன். நான் தட்டு கழுவிக்கிட்டு இருந்தேன், திரும்பிக்கூடப் பார்க்கல. 'நான் இந்த ஊர விட்டு வர மாட்டேன், நீ தனியாப் போ'ன்னேன்." ஊசியைக் கம்பளிக்குள் செருகினாள். "அவரு போய் அடுப்பத் தொட்டுப் பார்த்துட்டுப் படுத்துட்டாரு."

"நீங்க சொன்னதால..." என்று ஆரம்பித்தான் ஆர்லோ.

"வேண்டாம் தம்பி. நல்லதாச் சொல்லணும்னு ஒண்ணும் சொல்லாதீங்க."

அவன் பையிலிருந்து குறிப்பேட்டை எடுத்தான்.

"இனி என்ன?" என்று டெல்லாவிடம் கேட்டாள்.

"திங்கக்கிழமை நான் எழுதி மாநிலத் தீயணைப்பு ஆபீஸுக்குக் குடுப்பேன். குடுத்தே ஆகணும். அவங்க அதைப் பிரிச்சுப் படிக்கப் பத்து நாள் ஆகும். அதுக்குள்ள புதன்கிழமை வந்துடும். ஹௌகன் சொன்னா நிறுத்துவாங்க. அவர் சொல்லுவார்னு எனக்கு நம்பிக்கை இல்ல. கார்ல இருந்து ஆலை மானேஜருக்கு நானே போன் பண்ணினேன். 'நீங்க ரெக்கர் குடும்பத்தோட ஆளு, அப்படித்தான் சொல்லுவீங்க'ன்னு வெச்சுட்டார்."

"நிறுத்தினா ஆலைய வாங்க மாட்டாங்க."

"மாட்டாங்க."

"மூடிடுவாங்க."

"ஆமா ஜோலீன். மூடிடுவாங்க."

"அப்ப இவரு எரிஞ்சதுக்கு ஒரு அர்த்தமும் இல்ல."

டெல்லா தரையில் சுருண்டிருந்த கம்பளியை எடுத்து அவள் மடியில் வைத்தாள்.

கண்ணாடிக் கதவுக்கு அப்பால், துணி சுற்றிய ஒரு உருவத்தின் நெஞ்சு மெஷினின் தாளத்துக்கு ஏறி இறங்கியது. ஜோலீன் அதைப் பார்த்தபடியே கேட்டாள்.

"புதன்கிழமை ஷிஃப்ட்டுல யாரு?"

ஆர்லோ குறிப்பேட்டைப் புரட்டினான். "கெயில் டிங்ஸ்டாட்."

"பெத்தோட வீட்டுக்காரர்." தலையை ஆட்டிக்கொண்டாள். "டுவேன அடக்கம் பண்ணும்போது சவப்பெட்டியத் தூக்கறேன்னு கெயில் முன்னாடியே சொல்லிட்டாரு. பெத் வாரம் ரெண்டு தடவை எனக்கு சாப்பாடு கொண்டுவந்து வெச்சுட்டுப் போறா. ஊருல எல்லாரும் அவர நல்லவருன்னுதான் சொல்றாங்க. ஆலை சொன்னத ஒருத்தரும் நம்பல." கைப்பையைத் திறந்து போனை எடுத்தாள். "நான் சொன்னா நம்புவாங்க இல்ல? என் வாயாலயே சொன்னா?"

"நம்புவாங்க" என்றாள் டெல்லா. "ஆனா நீங்க சொல்லணும்னு கட்டாயம் இல்ல."

"வேற யாரு சொல்லுவா?"

எண்ணை அழுத்தினாள். முதல் தடவை தப்பாகப் போனது. இரண்டாவது தடவை சரியாகப் போனது.

"பெத்? நான் ஜோலீன்... இல்ல, அப்படியேதான் இருக்காரு. ஒரு மாற்றமும் இல்ல... சாப்பிட்டேன். கேளு பெத். கெயில் பக்கத்துல இருக்காரா? ஸ்பீக்கர்ல போடு." கண்ணை மூடிக்கொண்டாள். "கெயில், புதன்கிழமை நீங்க வேலைக்குப் போகக் கூடாது. யாரும் போகக் கூடாது. ஏன்னு சொல்றேன். முழுசாக் கேட்டுட்டு அப்புறம் என்ன வேணும்னாலும் திட்டுங்க. நவம்பர் மாசத்துல இருந்து டுவேன் என்ன பண்ணிக்கிட்டு இருந்தாருன்னு சொல்றேன்."